வேலை போயிருக்கும்போது அமெரிக்கக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாமா? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரீன் கார்டு கைக்கு வந்து ஐந்து வருடம் நிறையப்போகிற நேரம் பார்த்து லே-ஆஃப் வந்துவிடுகிறது. இப்போது என்-400 (குடியுரிமை விண்ணப்பப் படிவம்) போட்டால் நிராகரித்துவிடுவார்களோ, வேலை கிடைத்த பிறகு போடலாமோ என்று பலரும் மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். அப்படித் தள்ளிப்போடத் தேவையில்லை. கவனிக்க வேண்டியவை வேறு. அவற்றைத்தான் கீழே விரிவாகச் சொல்லியிருக்கிறது. கைது, வழக்கு, நாடுகடத்தல் உத்தரவு போன்ற ஏதாவது பின்னணியில் இருந்தால் இதை மட்டும் நம்பாமல் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரை முதலில் பாருங்கள்.

வேலை இல்லை என்ற ஒரே காரணத்துக்காக விண்ணப்பம் நிராகரிக்கப்படுமா?

இல்லை. அமெரிக்கக் குடியுரிமைக்கு வருமான வரம்பு கிடையாது. வேலையில் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது. 18 வயது ஆகியிருக்க வேண்டும். கிரீன் கார்டோடு 5 ஆண்டு தொடர்ந்து வசித்திருக்க வேண்டும். அமெரிக்கக் குடிமகனையோ குடிமகளையோ மணந்து சேர்ந்து வாழ்பவருக்கு 3 ஆண்டு போதும். அந்தக் காலத்தில் பாதி நாளாவது, அதாவது 30 மாதம் (மூன்று ஆண்டுக்காரர்களுக்கு 18 மாதம்), நாட்டுக்குள்ளேயே இருந்திருக்க வேண்டும். விண்ணப்பிக்கும் மாநிலத்தில் 3 மாதம் வசித்திருக்க வேண்டும். இவற்றோடு நன்னடத்தை, ஆங்கிலம், குடிமைத் தேர்வு (அமெரிக்க வரலாறு, அரசமைப்பு பற்றிய கேள்விகள்), உறுதிமொழி. சம்பளம் எவ்வளவு என்ற கேள்வி இதில் எங்கேயும் வராது.

பயம் எங்கிருந்து வருகிறது என்றால், கிரீன் கார்டு வாங்கும்போது பட்ட பாடு யாருக்கும் மறப்பதில்லை. ஸ்பான்சரின் வருமானம், வங்கிக் கணக்கு, ‘அரசுக்குச் சுமையாகிவிடுவாரா’ என்ற சோதனை எல்லாம் அங்கே உண்டு. அந்தச் சோதனை விசாவுக்கும் கிரீன் கார்டுக்கும் உரியது. குடியுரிமைக் கட்டத்தில் அது கிடையாது.

அப்படியென்றால் ஐந்து வருட வேலை விவரத்தை ஏன் கேட்கிறார்கள்?

நீங்கள் எங்கே இருந்தீர்கள், என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பது இடைவெளியில்லாமல் அவர்களுக்குத் தெரிய வேண்டும். பயணக் கணக்கு, வரிக் கணக்கு, முகவரிக் கணக்கு மூன்றும் இதோடு பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள். வேலையில்லாத காலத்துக்கும் படிவத்திலேயே இடம் இருக்கிறது: முதலாளி பெயர் கேட்கும் கட்டத்தில் ‘அன்எம்ப்ளாய்டு’ என்று எழுதச் சொல்லி அறிவுரையே போட்டிருக்கிறார்கள். சொந்தமாகத் தொழில் செய்தவர் ‘செல்ஃப்-எம்ப்ளாய்டு’, ஓய்வு பெற்றவர் ‘ரிடையர்டு’. படித்துக்கொண்டிருந்தால் கல்லூரியின் பெயர்.

ஒருவர் ஒரு கம்பெனியில் இரண்டரை வருடம் இருந்தார், வேலை போய் நான்கு மாதம் வீட்டில் இருந்தார், பிறகு ஒரு வருடம் கான்ட்ராக்ட், அதுவும் முடிந்து இப்போது தேடிக்கொண்டிருக்கிறார் என்று வையுங்கள். இதற்கு நான்கு வரிகள் வரும். கடைசியாக இருக்கும் நிலை முதலில்: ‘அன்எம்ப்ளாய்டு’, ஆரம்பத் தேதி, இன்று வரை. அடுத்து கான்ட்ராக்ட். அடுத்து அந்த நான்கு மாதம், அதற்கும் தனி வரி. கடைசியில் முதல் கம்பெனி. நான்கு மாதம்தானே என்று கம்பெனித் தேதியை இழுத்து ஒட்டவைக்கும் ஆசை வரும். செய்யாதீர்கள். வேலையில்லாதது குற்றமல்ல. கையெழுத்துப் போட்ட படிவத்தில் தேதியை மாற்றி எழுதுவது பொய். பொய் சொன்னார் என்று பதிவானால் அது நன்னடத்தைக் கேள்வியாகிவிடும்.

லே-ஆஃப் கடிதத்தில் பெரும்பாலும் இரண்டு தேதிகள் இருக்கும். ஒன்று, லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்த நாள். மற்றொன்று, சம்பளப் பட்டியலிலிருந்து பெயர் நீங்கும் நாள். 100 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கம்பெனிகள் கூட்டமாக ஆட்களை நீக்கும்போது 60 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்று ஒரு கூட்டாட்சிச் சட்டம் இருப்பதால் இந்த இரண்டுக்கும் நடுவே இரண்டு மாதம்கூட இருக்கலாம். கடிதத்தில் வேலை முடியும் தேதி என்று கம்பெனி குறித்திருப்பதையே எழுதுங்கள். கடிதத்தையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

நேர்காணலில் அதிகாரி இதைப் பற்றித் துருவுவாரா?

கேட்பார், ஆனால் துருவல் அபூர்வம். “இப்போது எங்கே வேலை பார்க்கிறீர்கள்?” என்பார். “மார்ச் மாதம் வேலை போய்விட்டது, தேடிக்கொண்டிருக்கிறேன்” என்று ஒரு வரியில் சொன்னால் போதும். “செலவுக்கு என்ன செய்கிறீர்கள்?” என்பது சில நேரம் வரும். மனைவி சம்பளம், சேமிப்பு, அரசின் வேலையின்மைக் காப்பீடு, எது உண்மையோ அது. நம் ஆட்களில் பலர் இங்கேதான் சொதப்புவார்கள்: கேட்காத விளக்கமெல்லாம் சொல்லி, கம்பெனி எப்படி மோசம் என்று ஆரம்பித்து, நடுவில் ஒரு நண்பரின் கடையில் கொஞ்ச நாள் உதவினேன் என்று படிவத்தில் இல்லாத ஒன்றைச் சேர்த்துவிடுவார்கள். உதவியதற்குக் காசு வாங்கினீர்களா என்பதுதான் அடுத்த கேள்வியாக இருக்கும்.

ஒன்றை மறக்க வேண்டாம். படிவத்தைப் பற்றிய இந்தப் பேச்சுதான் உங்கள் ஆங்கிலப் பேச்சுத் தேர்வும்.

விண்ணப்பித்தபோது வேலை இருந்து, நேர்காணலுக்குள் போய்விட்டாலும் பயமில்லை. பணி விவரம் கேட்கும் இடத்தில் “இது மாறிவிட்டது” என்று நீங்களே சொல்லுங்கள். அதிகாரி அங்கேயே திருத்திக்கொள்வார்.

2025இல் நன்னடத்தை விதியைக் கடுமையாக்கிவிட்டார்களாமே? அதில் வேலையும் வருகிறதாமே?

உண்மைதான், ஆனால் வாட்ஸ்அப்பில் சுற்றும் அளவுக்கு இல்லை. 2025 ஆகஸ்ட் 15 அன்று குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் யூ.எஸ்.சி.ஐ.எஸ். துறை தன் அதிகாரிகளுக்கு ஒரு குறிப்பாணை அனுப்பியது. விண்ணப்பதாரர் மேல் வழக்கு இல்லை என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், அவரிடம் உள்ள நல்ல அம்சங்களையும் எடைபோடச் சொல்கிறது அது. அப்படி எண்ணப்படுபவற்றில் நிலையான, சட்டபூர்வமான வேலை வரலாறும் ஒன்று. ஆனால் அது மட்டுமல்ல: சமூகப் பங்களிப்பு, குடும்பத்தைக் கவனித்துக்கொள்வது, கல்வி, எத்தனை காலம் சட்டப்படி இங்கே வசித்தார் என்பது, வரி ஒழுங்கு எல்லாம் அதே பட்டியலில் இருக்கின்றன.

இதை நான் புரிந்துகொள்வது இப்படி: நான்கு வருடம் ஒழுங்காக வேலை பார்த்துவிட்டு ஆறு மாதமாக வேலையில்லாமல் இருப்பவரின் வேலை வரலாறு நன்றாகவே இருக்கிறது. இன்றைக்கு வேலை இல்லை என்பதால் அந்த வரலாறு அழிந்துபோகாது. வெறுங்கையோடு மட்டும் போகாதீர்கள். பழைய டபிள்யூ-2 படிவங்கள் (கம்பெனி தரும் வருடாந்திரச் சம்பள, வரிச் சான்று), லே-ஆஃப் கடிதம், இடையில் முடித்த படிப்பின் சான்றிதழ், பிள்ளையின் பள்ளியிலோ கோயிலிலோ உணவு வங்கியிலோ தன்னார்வத் தொண்டு செய்திருந்தால் அதற்கொரு கடிதம், இவை ஒரு கோப்பில் இருக்கட்டும். கேட்டால் மட்டும் எடுங்கள்.

வேலையின்மைக் காப்பீடு வாங்குகிறேன். மெடிக்கெய்டும் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) எடுத்திருக்கிறேன். பாதிக்குமா?

தகுதியோடு, உண்மையைச் சொல்லி வாங்கிய உதவி எதுவும் குடியுரிமையைப் பாதிக்காது. வேலையின்மைக் காப்பீடு நீங்கள் வேலை பார்த்த காலத்தின் அடிப்படையில் வருவது. யாருடைய தயவும் அல்ல.

ஆபத்து, பொய் சொல்லி வாங்கியதில் இருக்கிறது. அரசு உதவி பெறுவதற்காக ஏதாவது தவறான தகவல் கொடுத்ததுண்டா என்று என்-400 நேராகவே கேட்கிறது. வாரா வாரம் “வேலை பார்க்கவில்லை” என்று சான்று கொடுத்துக்கொண்டே பக்கத்தில் ஊபர் ஓட்டியது, வருமானத்தைக் குறைத்துக் காட்டியது இதில் வரும். கூடுதல் தொகை வந்துவிட்டது, திருப்பிக் கட்டுங்கள் என்று மாநிலத் துறையிடமிருந்து கடிதம் வந்திருந்தால் அதை முடித்துவிட்டு, அல்லது தவணைத் திட்டம் போட்டுவிட்டு, ரசீதோடு போங்கள்.

கட்டணம் கட்டவே யோசனையாக இருக்கிறது. சலுகை உண்டா?

உண்டு, இதைப் பலர் கவனிப்பதே இல்லை. 2024 ஏப்ரல் 1 முதல் என்-400 கட்டணம் ஆன்லைனில் 710 டாலர், காகிதத்தில் 760 டாலர். குடும்ப வருமானம் கூட்டாட்சி வறுமைக்கோட்டின் 400 சதவீதத்துக்குள் இருந்தால் 380 டாலர்தான். 400 சதவீதம் என்பது சின்னத் தொகையல்ல. 2025ஆம் ஆண்டு அளவுகோலில் நால்வர் குடும்பத்துக்கு வறுமைக்கோடு 32,150 டாலர். அதன் நான்கு மடங்கு 1,28,600 டாலர். வீட்டில் ஒருவருக்கு வேலை போன பல ஐ.டி. குடும்பங்கள் இதற்குள் வந்துவிடும்.

முழு விலக்குக்கு ஐ-912 என்ற படிவம். மூன்று வழிகளில் ஏதாவது ஒன்று போதும்: வருமானம் பார்த்துத் தரப்படும் மெடிக்கெய்டு, ஸ்நாப் (உணவு உதவி) போன்ற உதவி பெறுவது, குடும்ப வருமானம் வறுமைக்கோட்டின் 150 சதவீதத்துக்குள் இருப்பது (அதே நால்வர் குடும்பத்துக்கு 48,225 டாலர்), மருத்துவச் செலவு போன்ற திடீர் நெருக்கடி. வேலையின்மைக் காப்பீடு முதல் வகையில் சேராது. அது வருமானக் கணக்கில்தான் சேரும். எப்போதிலிருந்து வேலை இல்லை, காப்பீட்டுத் தொகை வருகிறதா என்று அந்தப் படிவமே கேட்கும். கடைசி வரித் தாக்கலில் பழைய பெரிய சம்பளம் தெரியும் என்பதால், இப்போது அது இல்லை என்பதற்கு வேலை போன கடிதத்தையும் காப்பீட்டுக் கடிதத்தையும் சேர்த்து வையுங்கள். சலுகை கேட்டதற்காக விண்ணப்பத்தைத் தாழ்வாகப் பார்ப்பதில்லை.

இன்னொரு சிக்கனம்: கிரீன் கார்டு காலாவதியாகும் நேரமென்றால், என்-400 போட்டதும் வரும் ரசீது பழைய கார்டின் செல்லுபடியை 24 மாதம் நீட்டுகிறது. கார்டைப் புதுப்பிக்கும் செலவு (ஆன்லைனில் 415 டாலர்) மிச்சம்.

வரி விஷயத்தில் என்ன பார்ப்பார்கள்?

வேலையில்லாதவர் விண்ணப்பத்தில் உண்மையாகவே சிக்கல் வரும் இடம் இதுதான். வேலை போன வருடத்தில் வரிக் கணக்கு குழம்பும். வேலையின்மைக் காப்பீட்டுக்குக் கூட்டாட்சி வரி உண்டு என்பது பலருக்கு அடுத்த ஜனவரியில் 1099-ஜி படிவம் வந்த பிறகுதான் உறைக்கும். மாநிலம் தானாகப் பிடித்தம் செய்யாது. டபிள்யூ-4வி படிவம் கொடுத்தால் 10 சதவீதம் பிடிப்பார்கள். கொடுக்காதவர் ஏப்ரலில் மொத்தமாகக் கட்ட வேண்டும். பணமில்லை என்று தாக்கலே செய்யாமல் விட்டுவிடுவதுதான் பெரிய தவறு. கட்டப் பணமில்லாவிட்டாலும் தாக்கல் செய்யுங்கள். பிறகு வரித் துறையான ஐ.ஆர்.எஸ். உடன் தவணைத் திட்டம் போட்டு, ஒழுங்காகக் கட்டிவரும் ரசீதுகளை நேர்காணலுக்கு எடுத்துப்போங்கள். வரி பாக்கி இருக்கிறதா என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்று சொல்லிவிட்டுத் தவணைக் கடிதத்தை நீட்டுகிறவர் பலர்.

இடைக்காலத்தில் டோர்டாஷ், ஊபர், டியூஷன், ஃப்ரீலான்ஸ் கோடிங் என்று சம்பாதித்திருந்தால், செலவு போக 400 டாலர் நின்றாலே வரித் தாக்கல் கட்டாயம். அந்த மாதங்களில் நீங்கள் ‘அன்எம்ப்ளாய்டு’ அல்ல, ‘செல்ஃப்-எம்ப்ளாய்டு’. வரியில் ஒன்று, என்-400இல் வேறொன்று என்று இருக்கக் கூடாது.

வருமானம் வரித் தாக்கலுக்கான வரம்புக்குக் கீழே இருந்து தாக்கல் தேவைப்படாத வருடம் இருந்தால் அதையே சொல்லலாம். ஆனால் ‘நான்-ரெசிடென்ட்’ என்று போட்டுத் தாக்கல் செய்திருந்தாலோ, அப்படி நினைத்துத் தாக்கலைத் தவிர்த்திருந்தாலோ அது வேறு கதை. இங்கே நிரந்தரமாக வசிப்பவரில்லை என்று நீங்களே எழுதிக்கொடுத்த மாதிரி ஆகும். வழக்கறிஞரைப் பாருங்கள்.

கம்பெனி மூலம் கிரீன் கார்டு வந்தது. வந்த சில மாதத்திலேயே அதே கம்பெனி என்னை நீக்கிவிட்டது. கிரீன் கார்டையே தோண்டுவார்களா?

தோண்டலாம். கிரீன் கார்டு சட்டப்படி கிடைத்ததா என்று பார்ப்பது என்-400 பரிசீலனையில் ஒரு பகுதி. அங்கே கேள்வி இதுதான்: கார்டு கிடைத்த சமயத்தில் அந்த வேலையைப் பார்க்கும் எண்ணம் உங்களுக்கும், கொடுக்கும் எண்ணம் கம்பெனிக்கும் உண்மையாக இருந்ததா? கம்பெனியே நீக்கியது என்றால் எண்ணத்தில் குறையில்லை என்பதற்கு அந்த நீக்கக் கடிதமே சாட்சி. சம்பளச் சீட்டுகளையும் டபிள்யூ-2வையும் சேர்த்து வையுங்கள்.

கார்டு வருவதற்கு முன்பே அந்தக் கம்பெனியை விட்டுப் போயிருந்தால் யோசிக்க வேண்டும். கிரீன் கார்டு விண்ணப்பமான ஐ-485 நிலுவையில் 180 நாள் கடந்த பிறகு, அதே அல்லது அதை ஒத்த துறை வேலைக்கு மாறியிருந்தால் சட்டம் அனுமதிக்கிறது. அதற்கு வெளியே உள்ளவர்கள் ஆலோசனை இல்லாமல் என்-400 அனுப்புவது புத்திசாலித்தனமல்ல.

நான் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறேன், வேலை போய்விட்டது. குடியுரிமைக்கு…?

முடியாது. முதலில் கிரீன் கார்டு, அதன் பிறகுதான் ஆண்டுக் கணக்கே ஆரம்பம். உங்களுக்கு இப்போது அவசரம் 60 நாள் அவகாசத்துக்குள் வேறு முதலாளியையோ வேறு விசா நிலையையோ பிடிப்பது.

வேலைதான் இல்லையே, கொஞ்ச மாதம் இந்தியாவில் அம்மா அப்பாவோடு இருந்துவிட்டு வரலாமா?

வேலை போனதைவிட, வேலை போனதும் எடுக்கும் இந்த முடிவுதான் அதிகமான விண்ணப்பங்களைக் கெடுக்கிறது. ஒரே பயணம் 6 மாதத்தைத் தாண்டினால், தொடர்ந்து வசித்தது முறிந்துவிட்டது என்று சட்டம் அனுமானிக்கும். முறியவில்லை என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில். இங்கே வேலையைத் தக்கவைத்திருந்தார், வெளிநாட்டில் வேலைக்குச் சேரவில்லை, குடும்பம் இங்கே இருந்தது, வீடு இவர் வசமே இருந்தது, இவைதான் வழக்கமான சான்றுகள். வேலை போனவரிடம் முதல் சான்று ஏற்கெனவே இல்லை. மீதியாவது இருக்க வேண்டும். வாடகை வீட்டைக் காலி செய்து, காரை விற்று, பிள்ளையைச் சென்னையில் பள்ளியில் சேர்த்துவிட்டு ஏழு மாதம் கழித்துத் திரும்பினால் வாதாட எதுவும் மிஞ்சாது.

ஒரு வருடம் தாண்டினால் அனுமானமே இல்லை, முறிந்தது முறிந்ததுதான். திரும்பி வந்து 4 ஆண்டும் 1 நாளும் கழித்து மறுபடி விண்ணப்பிக்கலாம். அப்போதும் கடந்த ஐந்தாண்டுக்குள் விழும் அந்தப் பயணத்துக்கு விளக்கம் கேட்பார்கள். ரீ-என்ட்ரி பெர்மிட் (நீண்ட வெளிநாட்டுப் பயணத்துக்கு முன்பே வாங்கும் மறுநுழைவு அனுமதி) கிரீன் கார்டைக் காக்குமே தவிர குடியுரிமைக்கான இந்தக் கணக்கைக் காக்காது. அதற்கென்று உள்ள என்-470 படிவம் அமெரிக்க அரசு, அமெரிக்க நிறுவனம் போன்றவற்றுக்காக வெளிநாடு செல்பவர்களுக்கு. வேலையில்லாதவருக்குப் பயன்படாது.

போகத்தான் வேண்டுமென்றால் ஐந்து மாதத்துக்குள் திரும்புங்கள். 180 நாளைத் தாண்டினால் விமான நிலையத்திலேயே உங்களைப் புதிதாக நுழைபவர்போல விசாரிக்கலாம். அந்த ‘அரசுக்குச் சுமை’ கேள்வி திரும்ப வரக்கூடிய இடம் அது.

நான் இல்லத்தரசி. அமெரிக்காவில் ஒரு நாள்கூட வேலைக்குப் போனதில்லை.

தயங்க ஒன்றுமே இல்லை. வேலைக் கட்டத்தில் ‘அன்எம்ப்ளாய்டு’ அல்லது ‘ஹோம்மேக்கர்’. கணவரோடு கூட்டாகத் தாக்கல் செய்த வரிக் கணக்கின் டிரான்ஸ்கிரிப்டை ஐ.ஆர்.எஸ். தளத்தில் இலவசமாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் ஸ்பான்சர் செய்து வந்த வயதான பெற்றோர்?

அவர்களுக்கும் வருமானம் தேவையில்லை. 50 வயதும் கிரீன் கார்டில் 20 வருடமும், அல்லது 55 வயதும் 15 வருடமும் ஆனவர்களுக்கு ஆங்கிலத் தேர்வு கிடையாது. குடிமைத் தேர்வைத் தமிழிலேயே, மொழிபெயர்ப்பாளரை வைத்து, எழுதாமல் பேசியே முடிக்கலாம். 65 வயதும் 20 வருடமும் என்றால் படிக்க வேண்டியது 20 கேள்விகள்தான். மற்றவர்களுக்கு, 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பித்தவர்கள் 128 கேள்விகள் படிக்க வேண்டும். 20 கேட்டு 12 சரியாகச் சொன்னால் தேர்ச்சி. மறதி நோய் போன்ற உடல்நிலைக்கு தேர்விலிருந்து விலக்குக் கேட்க, மருத்துவர் நிரப்பும் என்-648 படிவம் உண்டு.

பிள்ளைகள் கவனிக்க: நீங்கள் கையெழுத்திட்ட ஐ-864 ஆதரவுப் பொறுப்பு, அப்பாவோ அம்மாவோ குடியுரிமை பெறும் நாளோடு முடிகிறது.

விவாகரத்தில் குழந்தைக்கு மாதப் பணம் கட்ட வேண்டும். வேலை போனதால் நிறுத்திவிட்டேன்.

நீங்களாக நிறுத்தக் கூடாது. வேண்டுமென்றே ஆதரிக்காமல் விட்டது என்று ஆனால் நன்னடத்தை அடிபடும். வேலை போன உடனே நீதிமன்றத்தில் தொகையைக் குறைக்கக் கேளுங்கள். பழைய பாக்கிக்குத் தவணை போடுங்கள்.

ஜெர்மனியில் இருக்கும் உறவினர் வேலை இல்லாவிட்டால் தரமாட்டார்கள் என்கிறாரே?

அவர் நாட்டுக்கு அது சரி. ஜெர்மனியில் அரசின் அடிப்படை உதவித்தொகையை நம்பாமல் சொந்த வருமானத்தில் வாழ்வது பொது நிபந்தனை. சுவிட்சர்லாந்தில் விண்ணப்பத்துக்கு முந்தைய 3 ஆண்டில் சமூக உதவி வாங்கித் திருப்பிக் கட்டாதவருக்குத் தடை. கனடாவில் அமெரிக்கா போலத்தான்: 5 ஆண்டில் 1,095 நாள் வசித்ததையும் வரித் தாக்கலையும் பார்ப்பார்கள், வேலையை அல்ல.

வேலை கிடைக்கும்வரை காத்திருப்பதில் லாபம் ஏதாவது?

பெரும்பாலும் நஷ்டம்தான். ஐந்தாண்டு நிறைவதற்கு 90 நாள் முன்பே விண்ணப்பிக்கலாம். கூட்டாட்சி அரசு வேலைகளில் பெரும்பாலானவை குடிமக்களுக்கே. பாதுகாப்பு அனுமதி கேட்கும் ஒப்பந்த நிறுவனங்களும் அப்படியே. வேலை தேடுபவருக்கு அந்தக் கதவும் திறக்கும். இன்னொரு பக்கம், வேறு மாநிலத்தில் வேலை கிடைத்து மாறிய பிறகு விண்ணப்பிப்பதென்றால் அங்கே 3 மாதம் ஆகும்வரை காத்திருக்க வேண்டும். ஏற்கெனவே விண்ணப்பித்திருந்தால் 10 நாளுக்குள் புது முகவரியைத் தெரிவித்தால் போதும், கோப்பு உங்களோடு நகரும்.

ஒரே ஒரு கணக்கு: இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. உறுதிமொழி எடுத்த அன்றோடு இந்தியக் குடியுரிமை போய்விடும். பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். விசா இல்லாமல் இந்தியா வந்துபோக ஓ.சி.ஐ. அட்டை வாங்கிக்கொள்ளலாம். நிரந்தரமாகத் திரும்பிப் போகும் யோசனை மனதில் இருந்தால் அதை முதலில் வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள்.

விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது புது வேலை கிடைத்துவிட்டது. ஏதாவது கவனிக்க வேண்டுமா?

சேரும் அன்று கொடுக்கும் ஐ-9 படிவத்தை (வேலை செய்யும் உரிமையைச் சரிபார்க்கும் படிவம்). அதில் முதல் கட்டம் அமெரிக்கக் குடிமகன், மூன்றாவது கட்டம் சட்டபூர்வ நிரந்தர வசிப்பாளர். உறுதிமொழி எடுக்கும்வரை நீங்கள் மூன்றாவது கட்டம். அவசரத்தில், அல்லது “எப்படியும் ஆகப்போகிறதே” என்று முதல் கட்டத்தில் டிக் அடித்துவிட்டால் அது குடிமகன் என்று பொய்யாகச் சொல்லிக்கொண்டதாகும்; குடியுரிமை மட்டுமல்ல, கிரீன் கார்டே ஆட்டம் காணும். ஆன்லைனில் வேலைக்கு விண்ணப்பிக்கும் பக்கங்களிலும் இதே கேள்வி வரும். ஓட்டுநர் உரிமம் வாங்கும் அலுவலகத்தில் வாக்காளராகப் பதிவு செய்யட்டுமா என்று கேட்டால் அங்கேயும் ‘வேண்டாம்’. ஏற்கெனவே தவறாக டிக் அடித்துவிட்டிருந்தால், நேர்காணலுக்குப் போகும் முன் வழக்கறிஞரிடம் போங்கள்.